இரண்டேகால் கோடி முழங்கால்

ஒரு மனிதனுடைய முழங்காலுக்கு என்ன விலை போடலாம்? இப்படி யாராவது கேட்டால், கேட்டவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நம் வேலையைக் கவனிக்கப் போய்விடுவோம். ஆனால் விலை போட்டவர்கள் இருக்கிறார்கள். 2022-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் மும்பையில் புரோ கபடி லீக் ஆட்டக்காரர்களை ஏலம் விட்டார்கள். பவன் ஸெஹ்ராவத் என்ற வாலிபரை நம்முடைய தமிழ் தலைவாஸ் அணி 2 கோடியே 26 லட்ச ரூபாய்க்கு எடுத்தது. அதுவரை கபடி ஏலத்தில் எவருக்கும் அவ்வளவு விலை விழுந்ததில்லை.

சடுகுடு என்று நாம் சொல்லும் அதே ஆட்டம்தான். கோவணத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஏரிக்கரைப் புழுதியில் புரண்டு, வீட்டுக்குப் போய் உதை வாங்கிய அதே ஆட்டம். அதில் ஒரு ஆளுக்கு இரண்டேகால் கோடி! ஊரெல்லாம் வாயைப் பிளந்தது.

அவ்வருஷம் அக்டோபர் 8-ஆம் தேதி பெங்களூரில் தலைவாஸுக்கு முதல் ஆட்டம். எதிரிலே குஜராத் அணி. ஆட்டம் பாதிகூட ஆகவில்லை. எதிரணியிலிருந்து பாடி வந்தவரைப் பிடிக்கப் போன பவன், கால் பிசகிக் கீழே விழுந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த ஸீஸன் முழுவதும் அவர் திரும்ப வரவில்லை. ஆட்டம் 31-க்கு 31 என்று சமமாக முடிந்தது. இரண்டேகால் கோடிக்கும் சேர்த்துக் கிடைத்தது ஒரு ஆட்டத்தில் சில நிமிஷங்கள்.

அந்த வாரம் நான் திண்டிவனத்தில் இருந்தேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில் இதுதான் பேச்சு. "இந்தப் பணத்தில் நம்ம ஊர்ப் பையன்கள் இருபது பேரை வாங்கியிருக்கலாம்" என்றார் ஒருவர். "முழங்காலை முன்னாடியே சோதிச்சுப் பாத்திருக்க வேணாமா? மாடு வாங்கினாக்கூடப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கிறோம்" என்றார் இன்னொருவர். அடிபட்டவர் என்ன பாடு படுகிறாரோ என்று ஒரு பிராணிகூடக் கேட்கவில்லை. கோடியில் விலை போன மனிதனுக்கு வலிக்காது என்று நாம் நினைத்துவிடுகிறோம் போலும்!

ஆனால் கதை அதோடு முடியவில்லை. தலைவாஸ் அணியில் நரேந்தர் என்று ஓர் இளைஞர் இருந்தார். பெரிய விலை கூவி எடுக்கப்பட்டவர் அல்லர். புதிய இளம் வீரர் என்ற கணக்கில் சேர்க்கப்பட்டவர். பவன் போன இடத்தில் பாடப் போகும் பாரம் இவர் தலையில் விழுந்தது. பிள்ளையாண்டான் அந்த ஒரே ஸீஸனில் பாடிப் போய் 243 புள்ளிகள் எடுத்துக்கொண்டு வந்தார். முன்பு வந்த வருஷங்களில் எல்லாம் அடியிலேயே கிடந்த தலைவாஸ், முதல் தடவையாக அரை இறுதி வரை போயிற்று. புனே அணியிடம் 39-37 என்ற கணக்கில், இரண்டே புள்ளியில் தோற்றது.

இதைக் கேட்டதும், "பார்த்தீர்களா! பணம் கொட்டியது வீண்!" என்று சொல்லத் தோன்றுகிறது. நானும் கொஞ்ச நாள் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். ஆனால் சென்ற மாசி மாதம் பத்துப் பக்கக் காகிதம் ஒன்றைப் படிக்கும்படி நேர்ந்தது. அதன் பிறகுதான் விஷயத்தின் மறுபக்கம் தெரிந்தது.

* * *

என் அக்காவைக் கொடுத்திருப்பது திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில். மூன்று ஏக்கர் புன்செய், ஒரு கிணறு, இரண்டு கறவை மாடு. அவளுக்கு ஒரே பிள்ளை. அப்போது பிளஸ்-டூ படித்துக்கொண்டிருந்தான். 18 வயசு நிறைய நான்கு மாதம் பாக்கி. பொங்கலுக்குப் பொங்கல் சுற்றுவட்டாரக் கிராமங்களில் நடக்கும் கபடிப் பந்தயங்களில் அவன் பாடிப் போனால், மைக்கில் பேசுகிறவருக்குத் தொண்டை கட்டிவிடும். அவ்வளவு வேகம்.

ஒரு நாள் இரவு அக்காவிடமிருந்து டெலிபோன் வந்தது.

"தம்பி, பட்டணத்துலேருந்து ஒருத்தர் வந்தாரு. நம்ம பையனைப் பெரிய டீம்ல சேத்து விடறாராம். இங்கிலீஷ்ல பத்துப் பக்கம் காகிதம் கொடுத்திருக்காரு. ஒன்றரை லட்சம் கட்டணுமாம். உங்க மாமா வர வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடறேன்னு நிக்கறாரு. நீ ஒரு நடை வந்து அதைப் படிச்சுப் பாத்துட்டுப் போயேன்."

"ஒன்றரை லட்சத்துக்கு என்ன பண்ணப் போகிறீர்கள்?" என்று கேட்டேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மல்லாட்டை விக்கற காசு இருக்கு. மீதிக்கு என் சங்கிலி இருக்கு" என்றாள்.

எங்கள் பக்கத்தில் நிலக்கடலையை மல்லாட்டை என்போம். நான் மறுநாள் காலை பஸ் ஏறிவிட்டேன்.

போய்ச் சேர்ந்ததும் காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் முத்திரை. ஐந்து வருஷத்துக்கு ஒப்பந்தம். பயிற்சி, உடை, சாப்பாடு, பதிவு ஆகியவற்றுக்காகப் பையன் வீட்டார் ஒன்றரை லட்சம் முன்பணம் கட்ட வேண்டும். அது திருப்பித் தரப்படமாட்டாது. பிற்பாடு பையனுக்கு எந்த வழியில் எந்தப் பணம் வந்தாலும் நூற்றுக்கு 30 ஏஜெண்டுக்கு. நடுவில் காயம் பட்டால் வைத்தியச் செலவு பையனைச் சேர்ந்தது. காயத்தினால் ஆட முடியாமல் போன காலத்தை ஐந்து வருஷக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் இன்னொரு ஐந்து வருஷத்துக்கு, அவர்களைக் கேட்காமல் வேறு யாரோடும் சேரக் கூடாது. முகாம் மார்ச் மாதம் ஆரம்பம். "பரீட்சைதானே? அடுத்த வருஷம் எழுதிக்கொள்ளலாம்" என்று வாயால் சொல்லிவிட்டுப் போனாராம்.

எந்த அணியில் சேர்ப்பார்கள், என்ன சம்பளம் என்று பத்துப் பக்கத்திலும் தேடினேன். ஓரிடத்திலும் இல்லை!

* * *

மாமாவிடம் உடனே எதுவும் சொல்லவில்லை. அவர் கோபக்காரர் அல்லர். ஆனால் மகன் விஷயத்தில் ஒரு சொல் எதிராகச் சொன்னாலும் முகம் சுருங்கிவிடும். மறுநாள் அவர் மல்லாட்டை மூட்டைகளைத் திண்டிவனம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன்.

பட்டணத்து வாசகர்களில் பலர் இந்த இடத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். மூட்டைகளை அவிழ்த்து வைத்திருப்பார்கள். வியாபாரிகள் ஒவ்வொருவராக வந்து ஒரு கை அள்ளுவார்கள். தோலை உடைத்து, பருப்பைத் தேய்த்து, வாயில் போட்டுக் கடித்துப் பார்ப்பார்கள். முகத்தில் ஒரு சலனமும் இராது. பிறகு ஒரு துண்டுச் சீட்டில் விலையை எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டுப் போவார்கள். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. மறைமுக ஏலம் என்று அதற்குப் பெயர். எல்லாச் சீட்டையும் பிரித்துப் பார்த்து, யார் அதிகம் எழுதினாரோ அவருக்குச் சரக்கு. விலை கட்டுபடியாகாவிட்டால் விவசாயி மூட்டையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகலாம்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒரே மூட்டைதான், பத்து வியாபாரிகள் பத்து விலை எழுதுகிறார்கள். மூட்டையின் உண்மையான பெறுமானம் ஏறக்குறைய அந்தப் பத்தின் நடுவில் எங்கேயோ இருக்கும். ஆனால் சரக்கு யாருக்குப் போகிறது? நடுவில் எழுதினவருக்கு அல்ல. எல்லாரையும்விட மேலே எழுதினவருக்கு. அதாவது, எல்லாரையும்விட அதிகமாக ஆசைப்பட்டவருக்கு! ஏலத்தில் ஜெயித்தவர் பெரும்பாலும் கொஞ்சம் கூடவே கொடுத்துவிட்டுத்தான் ஜெயிக்கிறார். அமெரிக்காவில் எண்ணெய்க் கிணறு தோண்டும் உரிமைகளை ஏலம் எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்ட கம்பெனி ஒன்றின் எஞ்சினியர்கள் 1971-ல் இதைக் கணக்குப் போட்டு எழுதினார்கள். 'ஜெயித்தவனைப் பிடிக்கும் சாபம்' என்று பொருளாதார நிபுணர்கள் அதற்குப் பேரும் வைத்துவிட்டார்கள்.

ஆட்டக்காரர் ஏலத்திலும் இதே கதைதான். இன்னும் சொல்லப்போனால் மல்லாட்டையை உடைத்துப் பார்க்கலாம்; முழங்காலை உடைத்துப் பார்க்க முடியாது. 2014-ல் முதல் புரோ கபடி ஏலத்தில் மிகப் பெரிய விலை ராகேஷ் குமாருக்கு வந்தது: 12 லட்சத்து 80 ஆயிரம். நான்கே வருஷத்தில், 2018-ல், மோனு கோயத் என்பவர் 1 கோடியே 51 லட்சத்துக்குப் போனார். ஆட்டக்காரர்களின் பலம் நான்கு வருஷத்தில் பன்னிரண்டு மடங்கு பெருகிவிட்டதா? இல்லை. டெலிவிஷனில் பார்க்கிற ஜனங்கள் பெருகினார்கள், விளம்பரம் பெருகிற்று, ஏலத்தில் கை தூக்குகிற அணிகளும் பெருகின. விலையை ஏற்றியது காளையின் பலம் அல்ல, சந்தையின் கூட்டம்.

தலைவாஸ் செய்த காரியத்திலும் தவறு எங்கே என்று பார்க்க வேண்டும். அந்த வருஷம் ஓர் அணி மொத்தமாகச் செலவு செய்யலாம் என்று வகுத்திருந்த தொகை 4 கோடியே 40 லட்சம். அதில் பாதிக்கு மேல் ஒரே ஆளுக்குக் கொடுத்தார்கள். கிரிக்கெட்டில் 2024 நவம்பரில் ரிஷப் பந்த் 27 கோடிக்குப் போனபோது உலகமே பேசிற்று. அங்கே ஓர் அணியின் மொத்தப் பை 120 கோடி. 27 கோடி என்பது அதில் கால் பங்குக்கும் குறைவு. கணக்குப்படி பார்த்தால் கபடிக்காரர்கள் வைத்த பணயமே பெரிது. ஏழு பேர் ஆடும் ஆட்டத்தில் பாதி வீட்டை ஒரே தூணின் மேல் நிறுத்தினார்கள். தூண் நல்ல தூண்தான். நிறுத்திய விதம்தான் பிசகு.

பவன் மேல் பழி சொல்வது நியாயமே இல்லை. காயம் ஆறி வந்து, 2023 அக்டோபரில் ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கித் தங்கம் வாங்கிக் கொடுத்தார். அதே மாத ஏலத்தில் தெலுகு டைட்டன்ஸ் அவரை 2 கோடியே 60 லட்சத்து 50 ஆயிரத்துக்கு எடுத்தது. அந்த ஸீஸனில் அவர் 200-க்கு மேல் புள்ளி எடுத்தார். ஆனால் அணி 22 ஆட்டங்களில் ஜெயித்தது இரண்டே இரண்டு! ஒருவர் ஓடி ஓடி எடுத்து வந்ததை மற்றவர்கள் காப்பாற்ற முடியவில்லை. மறு ஏலத்தில் அவர் விலை 1 கோடியே 72 லட்சத்து 50 ஆயிரம். 2025-ல் மறுபடி தலைவாஸே எடுத்தபோது 59 லட்சத்து 50 ஆயிரம். அந்த ஸீஸன் பாதியிலேயே அணியும் அவரும் பிரிந்துவிட்டார்கள். மூன்று வருஷத்தில் ஒரே மனிதர் இத்தனை விலை!

மாமாவின் மூட்டைகளுக்கு அன்று சுமாரான விலை கிடைத்தது. பணத்தை எண்ணி இடுப்பில் முடிந்துகொண்டு, வெளியே வந்து டீ குடித்தோம். அப்போதுதான் காகிதத்தில் இருந்ததை ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். என் அபிப்பிராயத்தைச் சொல்லவில்லை. எழுதியிருந்ததை மட்டும் சொன்னேன். டீ ஆறிப்போயிற்று. அவர் வெகு நேரம் விற்பனைக்கூடத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் மாப்ள, மூட்டையைக் குடுத்துட்டுக் காசு வாங்கினா அது வியாபாரம். இவன் மூட்டையையும் குடு, காசையும் குடுங்கறானே. இதுக்குப் பேரு இன்னா?" என்றார்.

இதற்குமேல் நான் சொல்ல என்ன இருக்கிறது? ஆனால், "பையன்கிட்ட நீயே பேசு. நான் சொன்னா, படிக்காதவன் சொல்றான்னு நெனப்பான்" என்று சேர்த்துக்கொண்டார்.

* * *

மருமகனை அழைத்துக்கொண்டு விழுப்புரத்துக்கு ரயில் ஏறினேன். அங்கே எனக்குத் தெரிந்த பழைய கபடி ஆட்டக்காரர் ஒருவர் இருந்தார். விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயில் சேர்ந்து, உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர்.

வண்டியில் பையன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். கொஞ்சம் கழித்து, "மாமா, நரேந்தரும் பேர் தெரியாதவர்தானே? அவருக்கு வந்த சான்ஸ் எனக்கு வரக் கூடாதா?" என்றான்.

"பேஷாக வரலாம். ஆனால் அவருக்கு அணி சம்பளம் கொடுத்தது. நீ கட்டுகிறாய்" என்றேன்.

பதில் இல்லை. மௌனத்தைக் கலைப்பதற்காக அமெரிக்கக் கதைகளை எடுத்துவிட்டேன். பாபி பொனியா என்று ஒரு பேஸ்பால் ஆட்டக்காரர். நியூயார்க் மெட்ஸ் என்ற அணி அவரை வேண்டாம் என்று விலக்கியபோது 59 லட்சம் டாலர் பாக்கி தர வேண்டியிருந்தது. கையில் கொடுக்க மனமில்லாமல், வட்டியோடு பிற்பாடு தருகிறோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். 2011 முதல் 2035 வரை வருஷந்தோறும் ஜூலை முதல் தேதி சுமார் 11 லட்சத்து 90 ஆயிரம் டாலர்! அவர் அந்த அணிக்குக் கடைசியாக ஆடியது 1999-ல். அறுபது வயசைத் தாண்டிய மனுஷர் வீட்டில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறார்.

"ஆடாமலா!" என்று பையன் சிரித்துவிட்டான்.

கூடைப்பந்திலும் இப்படி உண்டு. 2016-ல் அமெரிக்க கூடைப்பந்து லீகுக்கு டெலிவிஷன் ஒப்பந்தத்தினால் பணம் வெள்ளமாக வந்தது. ஓர் அணி சம்பளத்துக்குச் செலவிடக்கூடிய வரம்பு ஒரே வருஷத்தில் 7 கோடி டாலரிலிருந்து 9 கோடியே 40 லட்சம் டாலராக ஏறிற்று. எல்லா அணிகள் கையிலும் ஒரே சமயத்தில் பணம். சந்தையில் நல்ல ஆட்டக்காரர்களோ அதே பழைய எண்ணிக்கை. லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணி லுவோல் டெங் என்பவருக்கு நான்கு வருஷத்துக்கு 7 கோடியே 20 லட்சம் டாலர் எழுதிக் கொடுத்தது. இரண்டாவது வருஷம் அவர் ஆடியது ஒரே ஆட்டம். பிறகு அவரை விலக்கிவிட்டு, பாக்கியைத் தவணை தவணையாக 2022 வரை கட்டித் தீர்த்தார்கள்.

"அப்படின்னா அங்கே ஏமாந்தது டீம்காரங்களா?"

"ஆமாம். அங்கே எழுதிக் கொடுத்தது கொடுத்ததுதான். ஆட்டக்காரன் முழங்கால் போனால் நஷ்டம் முதலாளிக்கு. இங்கே புரோ கபடியில் விலை ஏலத்துக்கு ஏலம் மாறுகிறது. நஷ்டம் இருவருக்கும் கொஞ்சம் கொஞ்சம். உன் காகிதத்தில் யாருக்கு என்று எழுதியிருக்கிறது தெரியுமா?"

அவன் தெரியாது என்று தலையாட்டினான். படித்துக் காட்டினேன். விழுப்புரம் வருகிறவரை அவன் பேசவில்லை.

விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து ஐந்து திசைகளில் தண்டவாளம் பிரிகிறது: சென்னைக்கு, விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்கு, கடலூர் வழியாக மாயவரத்துக்கு, புதுச்சேரிக்கு, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கு. பெரியவருடைய வீடு ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வேட்டியைச் சற்றுத் தூக்கி, முழங்காலில் இருந்த நீண்ட தழும்பைப் பையனுக்குக் காட்டினார்.

"இது போனப்ப எனக்கு வயசு முப்பது. அதோட ஆட்டம் போச்சு. சம்பளம் போகலை. மறுநாளும் ஆபீசுக்கு வரச் சொன்னாங்க, வந்தேன். ரெண்டு பொண்ணைக் கட்டிக் கொடுத்தேன். எனக்குக் கோடி வரலை ஸார், ஆனா எனக்குக் கிடைச்ச ஒப்பந்தம் அறுபது வயசு வரைக்கும்" என்றார்.

பிறகு பையனைப் பார்த்து, "நீ சொல்ற பவன் யாரு? ரெயில்வே டீமுக்கு ஆடின பையன்தானே? கோடி வாங்கறவனே ஒரு காலை கெட்டியா ஊனி வெச்சிருக்கான். நீ ரெண்டு காலையும் தூக்கிட்டா எப்படிப்பா?" என்றார்.

அவர் சொன்னது வாஸ்தவம். பவன் தேசியப் போட்டிகளில் இந்திய ரயில்வே அணிக்காக ஆடியவர். ரயில்வே, போலீஸ், ராணுவம், வங்கி என்று விளையாட்டுக்காரர்களுக்கு உத்தியோகம் கொடுக்கும் இடங்கள் பல. தமிழ்நாட்டு அரசு உத்தியோகங்களிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது. எல்லாருக்கும் கிடைத்துவிடாது, போட்டி பலமாக இருக்கும். ஆனால் அதற்குப் படிப்புச் சான்றிதழ் வேண்டும். பரீட்சையை விட்டுவிட்டு வா என்கிறவன், அந்தக் கதவையும் சேர்த்துச் சாத்திவிட்டு வா என்கிறான்.

* * *

சட்டம் தெரிந்த ஒரு நண்பரிடமும் காகிதத்தைக் காட்டினேன். அவர் சொன்னதைப் பெற்றோர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டப்படி 18 வயசு நிறையாதவன் போடும் ஒப்பந்தம் செல்லவே செல்லாது. 1903-ல் பிரிவி கவுன்ஸில் இதைத் தீர்மானமாகச் சொல்லிவிட்டது. அதனால்தான் தகப்பனாரின் கையெழுத்துக்கு அவ்வளவு அவசரம்.

இரண்டாவது, ஒப்பந்த காலம் முடிந்த பிறகும் ஒருவனைக் கட்டிப்போடும் நிபந்தனை அந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுக்கு விரோதம். கிரிக்கெட் ஆட்டக்காரர் ஜாகீர் கான் விஷயத்தில் இது சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. அவர் 2000-த்தில் பர்ஸெப்ட் டி'மார்க் என்ற ஏஜென்ஸியோடு மூன்று வருஷ ஒப்பந்தம் செய்துகொண்டார். அது முடிந்ததும் வேறு இடத்துக்குப் போனார். எங்களுக்குத்தான் முதல் உரிமை என்று அவர்கள் வழக்குப் போட்டார்கள். காலம் முடிந்த பிறகு அப்படிக் கட்டுப்படுத்த முடியாது என்று 2006-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லிற்று.

"அப்படியானால் கையெழுத்துப் போட்டாலும் பயமில்லையே?" என்றேன்.

நண்பர் சிரித்தார். "ஜாகீர் கான் சுப்ரீம் கோர்ட் வரை போனார். உங்கள் அக்கா புருஷர் போவாரா?" என்றார்.

அன்று சாயங்காலம் ஏஜெண்டுக்கு டெலிபோன் செய்து மாமாவே பேசினார். மூன்றே கேள்விகள். முன்பணம் இல்லாமல், பையன் சம்பாதிக்கும்போது உங்கள் பங்கை எடுத்துக்கொள்வீர்களா? ஆட்டத்தில் அடிபட்டால் வைத்தியம் யார் செலவு? ஒரு வருஷம் பார்த்துவிட்டுப் பிடிக்காவிட்டால் விலகிக்கொள்ளலாமா? மறுமுனையில், "யோசிச்சுச் சொல்றேன்" என்று பதில் வந்தது. இன்னும் யோசித்துக்கொண்டே இருக்கிறார் போலிருக்கிறது. அதற்கப்புறம் பேச்சு மூச்சு இல்லை.

அக்காவின் சங்கிலி அவள் கழுத்திலேயே இருக்கிறது. பையன் பரீட்சை எழுதினான். சுமாரான மார்க்குத்தான். விளையாட்டுச் சான்றிதழ்களைக் காட்டி விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. காலையில் பயிற்சி, பகலில் வகுப்பு.

ஆனால் எல்லாம் சந்தோஷமாக முடிந்தது என்று எழுத மாட்டேன். சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் அவன் என்னோடு பேசவில்லை. நான் போனால் கொல்லைப்புறம் போய்விடுவான். ஒரு நாள் மட்டும் நேருக்கு நேராகக் கேட்டுவிட்டான்: "அது நிஜமாவே நல்ல சான்ஸா இருந்திருந்தா, மாமா?"

நியாயமான கேள்வி. பதினெட்டு வயசில் கதவு ஒன்று சாத்தப்படும் சத்தம் எவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்பது எனக்குத் தெரியாதா? "நல்ல சான்ஸாக இருந்தால் மூன்று கேள்விக்குப் பயந்து ஓடியிருக்காது" என்றேன். அவனுக்கு அது அப்போது ஆறுதலாக இருந்ததாகத் தெரியவில்லை.

கோடி வாங்குகிறவர்களைப் பார்த்து இப்போது எனக்கு எரிச்சல் வருவதில்லை. மிஞ்சிப் போனால் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆடுகிற உடம்பு. அதற்குக் கொடுக்கிறவன் கொடுக்கிறான், வாங்குகிறவன் வாங்குகிறான். கொடுத்தவன் கணக்குத் தப்பினால் அவன் பாடு. அவனுக்கு அடுத்த வருஷம் இன்னோர் ஏலம் இருக்கிறது. நான் கவலைப்படுவதெல்லாம், அந்தக் கோடியின் வெளிச்சத்தில் கண் கூசி, பத்துப் பக்கக் காகிதத்தில் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கும் தகப்பன்மார்களைப் பற்றித்தான். பேனாவை எடுக்கும் முன் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: முழங்கால் போனால் நஷ்டம் யார் கணக்கில்? அந்தப் பதில் காகிதத்தில் இல்லாவிட்டால் பேனாவை மூடி வைத்துவிடுங்கள்.

சென்ற வாரம் பையனிடமிருந்து டெலிபோன் வந்தது. கல்லூரி அணியில் இப்போது அவன்தான் முதலில் பாடிப் போகிறானாம். பொங்கலுக்கு ஊரில் ஆட்டம் இருக்கிறதாம். "வரும்போது பட்டணத்துலேருந்து ஒரு ஜோடி முழங்கால் பட்டை வாங்கிட்டு வாங்க, மாமா" என்றான்.

மறுநாளே கடைக்குப் போய் விசாரித்தேன். நல்ல வேளை, விலை கோடியில் இல்லை. இரண்டு ஜோடியாகவே வாங்கிவிட்டேன்.